ஒருசந்தியும் சுகர் மாத்திரையும்

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் விபூதிப் புதன் கழிந்ததும் எனக்கு வருகிற கடிதங்களே வேறு மாதிரி இருக்கும். மற்ற மாதங்களில் வீட்டுக்குள் முனகிக்கொண்டிருக்கும் மூட்டுவலியும் சுகரும் இந்த நாற்பது நாளும் கோவிலுக்குக் கிளம்பிவிடும். பங்குனி வெயில் வேறு. இந்த முறை வந்ததில் ஏழு கடிதங்களைப் பிரித்து வைத்திருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் 34 வருடம் ஊசி போட்டு ரிட்டயர் ஆன நர்ஸ். வயது 67. உங்கள் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு அதிகாரம் கிடையாது, உங்களைத் திட்ட மட்டும் உண்டு.

கேள்வி: எனக்கு 61 வயது. எட்டு வருடமாகச் சுகருக்கு மாத்திரை போடுகிறேன். எங்கள் அம்மா கடைசிவரை தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் ஒருசந்தி நோன்பு இருந்தார்கள். நானும் அப்படியே இருந்து வருகிறேன். போன வெள்ளி மதியம் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மகன் சத்தம் போடுகிறான். ஆண்டவருக்காக இதைத் தாங்கிக்கொள்ளலாம் அல்லவா? — வாசகி, புன்னக்காயல்

பதில்: தங்கச்சி, மகன் சத்தம் போட்டது போதாது. நானும் கொஞ்சம் போட்டுவிடுகிறேன்.

அந்த வேர்வையும் நடுக்கமும் தபசு இல்லை. லோ சுகர். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உடம்பு அப்படித்தான் கூப்பாடு போடும். அதற்கும் காது கொடுக்காவிட்டால் பேச்சு குளறும், எதிரில் நிற்பவர் யாரென்று பிடிபடாது, பிறகு ஆளே சாய்ந்துவிடும்.

எப்படித் தெரியும் என்றால், நானே சாய்ந்திருக்கிறேன். எனக்குச் சுகர் கண்டுபிடித்த மூன்றாம் வருடம், பெரிய வெள்ளி. காலையில் கிளிமிபிரைடு மாத்திரையை விழுங்கிவிட்டு, தட்டில் இருந்த இட்லியைத் தொடாமல், ஆண்டவர் சிலுவை சுமந்ததைப் பதினான்கு நிலைகளில் தியானிக்கும் சிலுவைப் பாதைக்குப் போனேன். 'மாத்திரை போட்டால் சாப்பிடணும்' என்று வார்டில் ஆயிரம் பேரிடம் சொன்ன வாய் இது. ஆறாவது நிலையில் ரவிக்கை முதுகு நனைந்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டேன். எட்டாவது நிலையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் சேலைப் பூக்கள் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தன. ஒன்பதாவது நிலையில் ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்தார், நான் முதல் முறை விழுந்தேன். நல்லவேளை, நினைவு தப்பவில்லை. கோவில் வாசல் சர்பத் கடைத் தம்பி ஒரு கிளாஸ் நன்னாரி சர்பத்தைக் கொண்டுவந்து குடிக்க வைத்தான். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். ஊரே சுற்றி நின்று, 'நர்ஸம்மா எவ்வளவு பக்தி' என்று கண்ணீர் விட்டது. எனக்குத்தான் வெட்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயமாக இருப்பது வருடத்தில் இரண்டே நாள்தான்: விபூதிப் புதன், பெரிய வெள்ளி. அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59-ஆம் பிறந்தநாள் வரைக்கும். உங்களுக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே விடுதலை கிடைத்துவிட்டது, சாமியார் வீடு தேடி வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, ஒருசந்தி என்றால் பட்டினி இல்லை. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சம். அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகக் கூடாது. இவ்வளவுதான் சட்டம் கேட்பது. தண்ணீரும் மருந்தும் எந்த ஒருசந்தியையும் முறிக்காது. அம்மா இருந்தது அம்மாவின் பக்தி. ஆனால் அம்மா சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு அப்படி இருக்கவில்லை.

மாத்திரைகளில் ரகம் உண்டு. மெட்பார்மின் மட்டும் போடுகிறவர்களுக்குச் சுகர் சட்டென்று இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஊசி போடுகிறவர்கள் சங்கதியும் அதுதான். டாபாகிளிப்ளோசின் வகை போடுகிறவர்கள் நெடுநேரம் பட்டினி கிடந்தால் வேறொரு கோளாறு வரும், ரத்தத்தில் அமிலம் ஏறும். அதனால் மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் போய், 'இது தவக்காலம், நான் இப்படி இருக்க ஆசைப்படுகிறேன்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். ரம்ஜான் நோன்புக்கு முன்னால் காயல்பட்டினத்துக்காரர்கள் டாக்டரிடம் வந்து மருந்து நேரத்தை மாற்றி எழுதி வாங்கிப் போவதை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள்தான் ரகசியமாகப் பட்டினி கிடந்து ரகசியமாக விழுவது.

மறுபடி வேர்த்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மிஷினில் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமையும் மூன்று வேளை சாப்பிடுகிறேன், மீனைத் தொடாமல். நம் கரையில் சுத்தபோசனம், அதாவது வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்குவது, என்றால் இறைச்சிக்குப் பதில் சீலா மீன் இரண்டு துண்டு கூடுதல் என்றுதானே அர்த்தம்? இறைச்சியை விலக்கிவிட்டோம், சட்டம் சரி. ஆனால் சீலா மீன் குழம்பு தபசு என்று ஆண்டவரிடம் சொல்ல எனக்கு முகம் இல்லை. அந்த மீன் காசு ஆறு வாரம் டப்பாவில் சேரும், பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முன்னால் தெருமுனையில் தனியாக இருக்கும் கிழவிக்கு அரிசியாகப் போகும்.

கேள்வி: இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். சிலுவைப் பாதையில் ஒவ்வொரு நிலையிலும் முழங்கால்படியிட முடியவில்லை. நின்றுகொண்டிருந்தால் பின்னால் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். — வாசகர், 70 வயது, வடக்கன்குளம்

பதில்: அண்ணாச்சி, பதினான்கு நிலைக்கும் இறங்கி ஏறினால் பதினான்கு தோப்புக்கரணம். தேய்ந்த மூட்டுக்கு அது தண்டனை. ஓரத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கூட்டமாகச் சிலுவைப் பாதை செய்யும்போது நடத்துகிறவர் நிலைக்கு நிலை நகர்ந்தால் போதும், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து தியானிக்கலாம் என்று திருச்சபையே சொல்லியிருக்கிறது. பின்னால் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது பீடத்தை.

ஆனால் காலுக்கு வேலையே கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து, காலையும் மாலையும். தொடைச் சதை கெட்டியானால் முட்டியின் பாரம் குறையும். வலி மாத்திரையைத் தினமும் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள், முட்டிக்காகக் கிட்னியை விற்காதீர்கள். முட்டி சிவந்து சூடாக வீங்கினால் அது தேய்மானம் மட்டும் இல்லை, உடனே காட்டுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ எழுதுகிறேன். நல்ல மார்க் வர வேண்டும் என்று பரீட்சை நாட்களில் காலை சாப்பாட்டை ஒறுத்து வருகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. — மாணவி, 17 வயது

பதில்: மகளே, உனக்கு 18 ஆகவில்லை, ஒருசந்தி உன்மேல் கட்டாயமில்லை. வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரம் பரீட்சை எழுதினால் கண் கேள்வித்தாளில் இருக்கும், நினைப்பு மத்தியானச் சோற்றில் இருக்கும். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ. ஒறுக்கத்தான் வேண்டும் என்றால் இரவு ஒன்பது மணிக்கு போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தூங்கு. இட்லியைவிட அது உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் இதைச் சொல்லிவிடு.

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). லெந்து நாட்கள், அதாவது தவக்காலம், நாற்பதும் அசைவம் தொடமாட்டேன். 52 வயது, 84 கிலோ. இந்தச் சாக்கில் எடையும் குறையும் என்று வருடா வருடம் எதிர்பார்க்கிறேன். ஈஸ்டரன்று ஏறி நின்றால் 86. இரண்டு கேள்வி: ஏன் குறையவில்லை? உபவாசத்துக்குள் டயட்டை ஒளித்து வைப்பது ஆண்டவரை ஏமாற்றுவதா? — வாசகர், நாசரேத்

பதில்: முதல் கேள்விக்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது தம்பி. ஒரு நாள் சாப்பாட்டை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. மதியம் சாம்பார் சோற்றுக்குப் பொரித்த அப்பளம் நாலு. மாலை ஜெபக்கூட்டம் முடிந்து வாழைக்காய் பஜ்ஜியும் டீயும். ராத்திரி பூரி கிழங்கு. படுக்கப்போகும்முன் நாலு மக்ரூன். கோழி போன இடத்தில் எண்ணெயும் மாவும் சீனியும் வந்து உட்கார்ந்துகொண்டன. அதோடு, மக்ரூன் முட்டை வெள்ளைக்கருவில்தான் நுரைத்து நிற்கிறது. உங்கள் நாற்பது நாளும் அங்கேயே உடைந்தது. வீட்டில் சொல்ல வேண்டாம்.

பைபிளில் தானியேலும் நண்பர்களும் பத்து நாள் கேட்டு வாங்கியது பருப்பும் மரக்கறியும் தண்ணீரும். பஜ்ஜி அந்தப் பட்டியலில் இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருக்கும் உப்பையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்கிறது, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். உங்களுக்குப் பிரஷரும் இருக்கிறது என்று கடிதத்தின் மூலையில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்களே.

இரண்டாம் கேள்வி. ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பையும் அவர்தானே கொடுத்தார்? ஆனால் ஏசாயா 58-ஐ ஒரு முறை வாசியுங்கள். அங்கே உபவாசம் என்றால் பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்ந்துகொடு என்று இருக்கிறது. நீங்கள் விட்ட கோழிக்கறியின் காசு எங்கே போனது? பஜ்ஜிக் கடைக்கா? அப்படியானால் அது டயட்டும் இல்லை, உபவாசமும் இல்லை.

நடங்கள். எருசலேமிலிருந்து எம்மாவு வரை லூக்கா சொல்லும் கணக்குக்குச் சுமார் 11 கிலோமீட்டர். உயிர்த்த இயேசு கூடவே வந்தும் அடையாளம் தெரியாத இரண்டு சீஷர் அங்கே நடந்து போய், அவர் அப்பம் பிட்டபோது கண் திறந்து, அதே ராத்திரி திரும்பியும் வந்தார்கள். நீங்கள் 22 கிலோமீட்டர் போக வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்கிற மாதிரி நடந்தால் போதும், நாளைக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். நாங்கள் 53 மணி செபமாலையை நடந்துகொண்டே சொல்வோம், கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஓடிவிடும். உங்களுக்குச் சங்கீதம் இருக்கிறது. 119-ஆம் சங்கீதத்தில் 176 வசனம். மனப்பாடமாகச் சொன்னால் வீட்டை நாலு சுற்றுச் சுற்றி வந்தாலும் தீராது. நெஞ்சை அடைத்தால் வசனத்தின் நடுவிலேயே நின்றுவிடுங்கள், டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 55 வயது, 12 வருடமாகச் சுகர். உள்ளங்கால் மரத்துப்போயிருக்கிறது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டார். பேரன் பிறந்துவிட்டான். அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்கிறார். 'மாதாவுக்கு நேர்ந்ததை முறிக்கக் கூடாது' என்கிறார். — வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தச் சாலை நூறு கிலோமீட்டர் பக்கம் வரும். தார் ரோடு, பங்குனி மாதம்.

வார்டில் ஒருவர் வந்தார். பாதயாத்திரை முடித்துவிட்டு ஊர் திரும்பியவர். 'கால்ல என்னமோ நாத்தம்' என்றுதான் வந்தார். வலி இல்லை, நடை நன்றாக இருந்தது. கட்டிலில் உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பினேன். கட்டைவிரலுக்குக் கீழே சோடா மூடி ஒன்று, பல் பல்லாக உள்ளே இறங்கி, சதை அதன்மேல் மூடிக்கொண்டிருந்தது. எந்த ஊரில் ஏறியது என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அதன்மேலேயே நடந்திருக்கிறார். இரண்டு விரல் போனது. மரத்த கால் வலிக்காது, அதுதான் அதன் ஆபத்து. உங்களுக்கும் எனக்கும் முள் குத்தினால் 'ஐயோ' என்று காலைத் தூக்கிவிடுவோம். அவருக்கு அந்த மணி அடிக்காது.

நேர்ச்சையைப் பற்றி. இது தனிப்பட்ட நேர்ச்சை. நியாயமான காரணம் இருந்தால் பங்குச் சாமியாரே இதிலிருந்து விலக்குக் கொடுக்கலாம். நேர்ந்தவரே அதைவிட மேலான, அல்லது அதற்குச் சமமான நற்செயலாக மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. இதில் மாதாவுக்கு எந்தக் கோபமும் இல்லை. அவரைச் சாமியாரிடம் கூட்டிப் போங்கள். நீங்கள் சொன்னால் பெண்டாட்டி பேச்சு, சாமியார் சொன்னால் திருச்சபை. இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்வதில் தப்பில்லை.

வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போய், கடைசி இரண்டு கிலோமீட்டர் நடக்கட்டும், ஷூ போட்டுக்கொண்டு. புது ஷூ வேண்டாம், பழகிய ஷூ. போடும் முன் கையை உள்ளே விட்டு, கல் கில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாக்ஸ் வெள்ளைப் பருத்தி, ரத்தம் பட்டால் கண்ணுக்குத் தெரியும். இரவு பாதத்துக்கு அடியில் முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் பாதத்துக்குத் தடவலாம், விரலிடுக்கில் கூடாது. கொப்புளத்தைச் சேப்டி பின்னால் குத்துகிற வைத்தியர்கள் எல்லாப் பாதயாத்திரையிலும் ஒருவர் இருப்பார், அவரிடம் காலைக் கொடுக்க வேண்டாம்.

நல்ல காலோடு நடக்கப்போகும் இளவட்டங்களும் கேளுங்கள். போன வருடம், 2025-இல், ஈஸ்டர் ஏப்ரல் 20. இந்த வருடம் ஏப்ரல் 5. இரண்டு வாரம் முந்தியதால் வெயில் குறைச்சல் என்று மதியம் நடக்காதீர்கள். விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் நிழல் பிடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வேர்வை நின்று, உடம்பு கொதித்து, ஒருவன் சம்பந்தமில்லாமல் பேசினால் அவன் அருள் வந்து பேசவில்லை. நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-க்கு போன் போடுங்கள்.

கேள்வி: பேரனுக்கு அம்மை போட்டிருக்கிறது. குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்துக்குப் போக அழுகிறான். கொஞ்ச நேரம் தூக்கிப் போகலாமா? — வாசகி, மணப்பாடு

பதில்: வேண்டாம். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அது ஒட்டும். ஊர்வலத்தில் மாசமாக இருக்கும் பெண்ணும் நிற்பாள், அவளுக்கு வந்தால் சங்கடம். காய்ச்சலுக்கு டாக்டர் சொல்லும் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின் கூடாது. கோவிலில் ஓலை இரண்டு வாங்கி வந்து, ஒன்றில் சிலுவை பின்னிக் கொடுங்கள், இன்னொன்றில் கிலுகிலுப்பை. அழுகை நிற்கும்.

கேள்வி: அம்மா படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் ஒரே மகள், கல்யாணம் ஆகவில்லை. இந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளி பூசைக்குக்கூடப் போக முடியவில்லை. சாமியார் வீட்டுக்கு நன்மை (நற்கருணை) கொண்டுவருகிற நாளில், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அம்மாவுக்கும் எனக்கும் சாப்பாடு முடிய வேண்டுமே என்று பதறுகிறேன். சில நாள் கோபத்தில் அம்மாவைத் திட்டிவிட்டு, பிறகு அழுகிறேன். செபமே வரவில்லை. — பெயர் வேண்டாம்

பதில்: அந்த ஒரு மணி நேரக் கணக்கு நோயாளிக்கும் முதியவருக்கும் கிடையாது. அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கிடையாது, சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அம்மா சாப்பிட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தாலும் வாங்கலாம், நீயும் வாங்கலாம். அம்மாவுக்கு விழுங்கச் சிரமம் என்றால் சின்னத் துண்டு போதும் என்று சாமியாரிடம் சொல். தலையணையை உயர்த்தி நிமிர்த்தி உட்கார வை, பிறகு ஒரு கரண்டி தண்ணீர், பிறகும் அரைமணி படுக்க விடாதே.

பைபிளில் எலியா தீர்க்கதரிசி கதை தெரியும் இல்லையா? சூரைச்செடியின் கீழ் படுத்து, 'போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்' என்றார். தேவதூதன் வந்து அவரைத் திட்டவில்லை, செபம் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. தழலில் சுட்ட அப்பமும் ஒரு குடுவைத் தண்ணீரும் வைத்து, 'எழுந்து சாப்பிடு' என்றான். அவர் சாப்பிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை.

நீ கடைசியாக எப்போது ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாய்? கடிதத்தில் அது இல்லை. உன் பங்கில் மாதா சபையோ வின்சென்ட் தே பவுல் சபையோ இருக்கும். அவர்களிடம் செபம் கேட்காதே, ஆள் கேள். புதன் ஒரு மத்தியானம், வெள்ளி ஒரு மத்தியானம், அம்மா பக்கத்தில் உட்கார ஒருத்தி. கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சாமியார் கையில் கொடு. இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதையும் ஒரு டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது பாவம் இல்லை, பாவசங்கீர்த்தனத்தில் தீராது.

அம்மாவைத் திட்டிய நாளில், அவர்கள் தூங்கியதும் கருப்பட்டிக் காப்பி ஒன்று போட்டு, அடுப்படியில் நின்று குடிக்காமல் திண்ணையில் உட்கார்ந்து குடி. கதவைத் திறந்தே வை, கூப்பிட்டால் கேட்கும். அடுத்த மாதம் எனக்கு எழுது, எந்தக் கிழமை யார் வந்தார்கள் என்று.